வான்கோழிக் குஞ்சு பொரிப்பதும் வளர்ப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வான்கோழி முட்டை கைக்கு வந்த அன்று ஒருவர் கேட்பது ஒரு கேள்வி. குஞ்சு பொரித்த நான்காம் நாள் அதே ஆள் பதறிக்கொண்டு கேட்பது வேறொரு கேள்வி. இரண்டு வகையும் பல ஆண்டுகளாக என்னிடம் மாறி மாறி வந்துகொண்டிருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதி, முட்டையில் தொடங்கி வளர்ந்த குஞ்சு வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். குஞ்சுகள் ஏற்கெனவே பொரித்து, ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தால் முன்னுரையெல்லாம் வேண்டாம். "நான்காம் நாள்" பற்றிய கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

வான்கோழி முட்டை பொரிக்க எத்தனை நாள் ஆகும்? கோழி முட்டையைப் போல 21 நாள்தானே?

28 நாள். கோழிக் கணக்கு மனதில் ஊறிப்போனதால் 22ஆம் நாளே "கூமுட்டை" என்று எடுத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். முட்டை வைத்த நாளை விட்டுவிட்டு, மறுநாளை முதல் நாளாக எண்ணுங்கள். சில முட்டைகள் 27ஆம் நாளே விரியும், சில 29 வரை இழுக்கும். 30ஆம் நாள் முடியும்வரை எதையும் எறிய வேண்டாம்.

எந்த முட்டையை அடைக்கு எடுப்பது? எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

வான்கோழி தினமும் முட்டையிடாது. அதனால் பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்வதற்குள் முதல் முட்டை பழசாகிவிடும். ஏழு நாளைக்குள் அடைக்கு வைத்துவிட்டால் நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிக்கும் திறன் நாளுக்கு நாள் குறையும். கூர்முனை கீழே இருக்கும்படி, 13 முதல் 18 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் வழக்கமான நான்கைந்து டிகிரிக் குளிர் கருவுக்கு ஆகாது. வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை அதைவிட மேல்.

விரிசல் விட்டது, ஓடு மெலிந்தது, உருண்டையாகவோ மிக நீளமாகவோ இருப்பது, மற்றவற்றைவிடப் பெரிதும் சிறிதுமாக இருப்பது ஆகியவற்றை ஒதுக்குங்கள். குளிர்ந்த முட்டையை நேராக இன்குபேட்டருக்குள் (முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டி) வைத்தால் ஓட்டின் மேல் வியர்வை கோத்துக்கொள்ளும். சில மணி நேரம் அறையில் வைத்திருந்து பிறகு வையுங்கள்.

முட்டையில் எச்சம் ஒட்டியிருக்கிறது. கழுவிவிட்டு வைக்கலாமா?

வேண்டாம். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும். தண்ணீர் குளிர்ந்ததாக இருந்தால் முட்டை உள்ளே சுருங்கி, அழுக்கையும் கிருமியையும் துளை வழியே உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த எச்சத்தைச் சொரசொரப்பான துணியால் மெல்லத் தேய்த்து எடுங்கள். அப்படியும் போகாத முட்டையை விட்டுவிடுங்கள். ஒரு கெட்ட முட்டை உள்ளே வெடித்தால் எல்லா முட்டைகளும் கெடும்.

தாய் வான்கோழியிடமே விடலாமா, கோழியிடம் அடை வைக்கலாமா, இன்குபேட்டர்தான் வாங்க வேண்டுமா?

மூன்றிலும் பொரிக்கும். அடையில் நன்றாக உட்கார்ந்துவிட்ட தாய் வான்கோழி 15 முட்டை வரை தாங்கும். கூட்டின் தரை தட்டையாகவும் மெத்தென்றும் இருக்கட்டும். உடல் கனமான பறவை என்பதால் குழிவான கூட்டில் முட்டை ஒன்றோடொன்று மோதி உடையும், குஞ்சும் மிதிபடும்.

கோழி ஏழெட்டு வான்கோழி முட்டைகளைத்தான் முழுமையாக மூடும். ஏற்கெனவே ஒரு வாரம் அடையில் இருந்த கோழியிடம் கொடுக்காதீர்கள். புதிதாக அடைக்கு வந்த கோழி என்றால் பெரும்பாலும் 28 நாளும் பொறுமையாக உட்கார்ந்துவிடும். ஆனால் கோழியிடம் வைப்பதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதைப் பின்னால் கருந்தலை நோய் பற்றிய இடத்தில் சொல்கிறேன். அதனால்தான், இன்குபேட்டர் இருக்கும் வீட்டில் நான் இன்குபேட்டரையே சொல்வேன்.

இன்குபேட்டரில் எத்தனை டிகிரி வைப்பது? ஒருவர் 37.5 என்கிறார், இன்னொருவர் 38.5 என்கிறார்.

இருவர் சொல்வதும் சரிதான், இயந்திரம்தான் வேறு. உள்ளே விசிறி சுழலும் இன்குபேட்டரில் எல்லா மூலையிலும் ஒரே சூடு இருக்கும். அதற்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலேயும் குளிர்ந்த காற்று கீழேயும் நிற்கும். அதில் முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் வெப்பமானியை வைத்து 38.3 முதல் 38.8 வரை பாருங்கள். வெப்பமானியைக் கீழே தரையில் வைத்துவிட்டு 38.5 காட்டும்படி சூட்டை ஏற்றினால், முட்டையின் மேற்புறம் வெந்துவிடும்.

இயந்திரத்தில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இருக்கும். மனித உடல் சூட்டையொட்டித்தான் அது மிகத் துல்லியமாக அளக்கும். நமக்கு வேண்டியதும் ஏறக்குறைய அதே எண்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வெப்பமானிகளையும் ஒன்றாக வைத்து எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டை வைப்பதற்கு முன் ஒரு முழு நாளாவது இன்குபேட்டரை வெறுமனே ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

ஈரப்பதம் எவ்வளவு? தண்ணீர் தட்டை நிரப்பிக்கொண்டே இருந்தால் போதாதா?

முதல் 25 நாளுக்கு 55 முதல் 60 சதவீதம். கடைசி மூன்று நாளுக்கு 70 சதவீதத்தை ஒட்டி. முட்டை உள்ளே இருக்கும் நீரில் ஒரு பகுதியை ஓடு வழியாக இழக்க வேண்டும். அந்த இடத்தில் காற்றறை பெரிதாகும். குஞ்சு முதல் மூச்சு விடுவது அந்தக் காற்றறைக்குள்தான். ஈரப்பதம் அதிகமானால் காற்றறை சிறிதாகவே நின்றுவிடும். குஞ்சு நீரில் ஊதிப்போய்க் கடைசி நாளில் மூழ்கிச் சாகும். குறைந்தால் உள்சவ்வு தோலைப் போல இறுகி, குஞ்சு திரும்ப முடியாமல் ஒட்டிக்கொள்ளும்.

எடை பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி. 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 80 கிராம் முட்டை என்றால் ஏறக்குறைய 70 கிராமுக்கு வந்திருக்கும். பாதி வழியில் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது போதவில்லை என்றால் தண்ணீரைக் குறையுங்கள், அதிகமாகக் குறைந்தால் கூட்டுங்கள். ஈரப்பதமானியைச் சோதிக்க, ஒரு மூடியில் உப்பைப் போட்டுச் சேறு போலக் குழையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும்.

முட்டையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். பாதகம் உண்டா?

ஒரு முறை மறந்தால் ஒன்றும் ஆகாது. நாள்கணக்கில் மறந்தால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் இதில் மிகுந்த கவனம் தேவை. ஒரு நாளைக்கு மூன்று அல்லது ஐந்து முறை என்று ஒற்றைப்படையாக வைத்துக்கொண்டால், இரவு நீண்ட நேரம் கிடக்கும் பக்கம் நாளுக்கு நாள் மாறும். பென்சிலால் ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள். 25ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். அப்போது குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுபோய்ச் சரியான நிலைக்கு வந்துகொண்டிருக்கும்.

விளக்கு பிடித்துப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. புள்ளி புள்ளியாக இருக்கிறது. என்ன செய்வது?

வான்கோழி ஓடு பழுப்புப் புள்ளிகள் உள்ளது, தடிப்பும் அதிகம். ஒளி மிகுந்த கைவிளக்கும் நல்ல இருட்டறையும் வேண்டும். ஏழாம் நாள் சந்தேகமாக இருந்தால் பத்தாம் நாள் வரை பொறுத்துப் பாருங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்தி வலை போலப் படரும் செந்நரம்புகளும் தெரியும். ஒன்றுமில்லாமல் வெளிறிய மஞ்சளாக ஒளிர்ந்தால் கூமுட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரே ஒரு செவ்வளையம் மட்டும் இருந்தால், கரு உண்டாகிப் பாதியில் இறந்துவிட்டது. நாற்றம் அடிப்பதையும் ஓட்டில் கசிவு உள்ளதையும் உடனே எடுத்துவிடுங்கள். சந்தேகத்துக்கு இடமானதை விட்டுவையுங்கள்.

நடு இரவில் மின்சாரம் நின்றுவிட்டது. எல்லாம் போயிற்றா?

பெரும்பாலும் இல்லை. தாய்ப்பறவையும் தினமும் இரை தேட எழுந்து போகத்தான் செய்கிறது. மூடியைத் திறக்காமல், தடித்த போர்வையால் பெட்டியைச் சுற்றி மூடுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். சில மணி நேரக் குளிரைக் கரு தாங்கும், பொரிப்பது ஒரு நாள் தள்ளிப்போகலாம். அதிகச் சூடுதான் உயிரை வாங்கும். 40 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் இருந்தால் தப்புவது கடினம். அதனால் மின்சாரம் வந்தபின் சூட்டை ஏற்றி ஈடுகட்ட நினைக்காதீர்கள்.

ஓட்டில் துளை விழுந்து பாதி நாள் ஆகிறது. குஞ்சு கத்துகிறது, வெளியே வரவில்லை. உடைத்து எடுத்துவிடலாமா?

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுங்கள். முதல் துளை விழுந்ததற்கும் ஓடு சுற்றிலும் வெட்டப்படுவதற்கும் இடையே 24 மணி நேரம் வரை போகலாம். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இருக்கவில்லை. ஓட்டின் உட்சவ்வில் ஓடும் இரத்தத்தை உடலுக்குள் வாங்கிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது முடியும் முன் நீங்கள் ஓட்டைப் பெயர்த்தால் இரத்தம் கசியும், கசிந்தால் குஞ்சு பிழைப்பது அரிது. ஒன்றுக்கு உதவ மூடியைத் திறந்தால் ஈரம் வெளியேறி, மற்ற முட்டைகளில் சவ்வு காய்ந்துவிடும்.

24 மணி நேரம் கடந்தும் முன்னேற்றமே இல்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது என்றால் மட்டும், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் சவ்வை ஈரமாக்கி, துளையைச் சுற்றி மிகச் சிறிதளவு ஓட்டை அகற்றுங்கள். சிவப்பு தெரிந்த கணமே நிறுத்திவிட்டு உள்ளே வைத்துவிட வேண்டும்.

பொரித்ததும் வெளியே எடுத்துத் தீனி வைக்க வேண்டுமா?

மெத்துமுடி காய்ந்து பஞ்சு போலாகும் வரை உள்ளேயே விடுங்கள். உள்ளிழுத்த மஞ்சள் கரு முதல் நாளின் பசியைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் "மூன்று நாள் தீனி வேண்டாமாம்" என்று கேள்விப்பட்டு அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. அது பெரிய தவறு. ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

குஞ்சுகள் மூன்று நாள் துள்ளிக்கொண்டு இருந்தன. நான்காம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. என்ன நோய்?

என்னிடம் வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். பெரும்பாலும் எந்த நோயும் இல்லை. குஞ்சு பட்டினியால் சாகிறது. தட்டு நிறையத் தீனி இருக்கிறதே என்பீர்கள். நானும் முதல் முறை அப்படித்தான் சொன்னேன். என் முதல் ஈட்டில் 11 குஞ்சுகள் பொரித்தன. ஐந்தாம் நாளுக்குள் ஆறு போய்விட்டன. இறந்த ஒன்றைக் கையில் எடுத்து, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இடையில் உள்ள இரைப்பையை விரலால் தொட்டுப் பார்த்தேன். வெறும் தோல். ஒரு துகள்கூட இல்லை. அது கிடந்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளித் தட்டு தளும்பத் தீனி இருந்தது.

கோழிக்குஞ்சு தரையில் எது அசைந்தாலும் கொத்திப் பார்க்கும். வான்கோழிக் குஞ்சுக்குத் தீனி எது, தண்ணீர் எது என்று தானாகப் புரிவதற்கு நேரமாகும். சில குஞ்சுகளுக்குப் புரிவதே இல்லை. மஞ்சள் கருவின் கையிருப்பு தீரும்வரை அவை நன்றாகத்தான் ஓடும். தீர்ந்ததும் சுருண்டு விழும். சாவு மூன்றிலிருந்து ஐந்தாம் நாளில் குவிவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். இரவில் எல்லாக் குஞ்சுகளின் இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். நிரம்பியிருந்தால் மென்மையான சிறு உருண்டை தட்டுப்படும். காலியாக இருக்கும் குஞ்சின் காலில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, மறுநாள் அதற்குத் தனிக் கவனம் கொடுங்கள். முதல் வாரத்தில் நீங்கள் செய்யும் வேலைகளில் இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை.

அப்படியானால் தின்னவும் குடிக்கவும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஒவ்வொரு குஞ்சாக, கையால். புரூடருக்குள் (விளக்குச் சூட்டில் குஞ்சு வளர்க்கும் பெட்டி) விடும்போதே குஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அலகின் நுனியை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டு எடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. முதலில் தலையை உதறும். இரண்டாம் முறை ஒரு துளி உள்ளே போகும். கழுத்தை மேலே நீட்டி, கண்ணைப் பாதி மூடி விழுங்கும். அந்த விழுங்கலைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து அலகைத் தீனியில் தொடுங்கள். பிறகு விரல் நுனியால் தட்டில் "டொக் டொக்" என்று தட்டுங்கள். தாய் கொத்திக் காட்டுவது அப்படித்தான். ஒரு குஞ்சு கற்றுக்கொண்டால் பக்கத்தில் நிற்பவை பார்த்துச் செய்யும். இதை முதல் இரண்டு மூன்று நாள், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை செய்யுங்கள்.

மினுங்குவதும் நிறமுள்ளதும் அவற்றின் கண்ணை இழுக்கும். வண்ணக் கோலிக்குண்டுகளைத் தண்ணீர்த் தட்டிலும் தீனித் தட்டிலும் போட்டு வையுங்கள். தண்ணீர்த் தட்டில் கோலி போடுவதால் இன்னொரு நன்மை, குஞ்சு விழுந்து மூழ்காது. வேகவைத்த முட்டையைப் பொடியாக நறுக்கித் தீனியின் மேல் தூவுங்கள். பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை என்பது நல்ல அளவு. பொடியாக அரிந்த பசுங்கீரையையும் அதன் மேல் தூவினால் பச்சை நிறத்தைப் பார்த்தே ஓடி வரும். முதல் மூன்று நாள் இரவிலும் விளக்கு எரியட்டும். குஞ்சு எழுந்தவுடன் தட்டு கண்ணில் பட வேண்டும்.

கோழி முட்டையும் கைவசம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. வான்கோழி முட்டை வைத்த ஏழாம் நாள் இரண்டு கோழி முட்டைகளை அதே இன்குபேட்டரில் சேர்த்து வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் பொரிக்கும். அந்தக் கோழிக்குஞ்சுகள் கொத்துவதைப் பார்த்து வான்கோழிக் குஞ்சுகள் விரைவில் கற்றுக்கொள்ளும்.

புரூடரில் எத்தனை டிகிரி வேண்டும்? விளக்கு எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும்?

முதல் வாரம் விளக்கின் கீழ், குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, 21 டிகிரிக்கு வரும்போது நிறுத்தலாம். உயரத்தைச் செண்டிமீட்டரில் சொல்ல முடியாது; குஞ்சுகளே சொல்லும். விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். சுவரோரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகக் கிடந்து மெல்லக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

பெட்டி சதுரமாக இருந்தால் அட்டையை வளைத்து மூலைகளை மறைத்துவிடுங்கள். இவை பயந்தால் மூலைக்குள் குவிந்து ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். விளக்கை மின்கம்பியில் தொங்கவிடாதீர்கள், தனிச் சங்கிலியில் கட்டுங்கள். விளக்கு கூளத்தில் விழுந்து தீப்பிடிப்பது நடக்கக்கூடியதுதான்.

ஒரு குஞ்சுக்குக் கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துவிட்டது. பிறவிக் குறையா?

தரையைப் பாருங்கள். செய்தித்தாள் விரித்திருக்கிறீர்களா? வழுக்கும் தரையில் எழுந்து நிற்க முயன்று தொடை விலகிவிடுகிறது. அகலமான ஒட்டுத்துணியால் இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் தளர்வாகக் கட்டி, பிடிமானமுள்ள துணியின் மேல் விடுங்கள். முதல் நாளிலேயே கட்டினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் நேராகிவிடும், ஒரு வாரம் கழித்துக் கட்டிப் பலனில்லை.

முதல் வாரம் சொரசொரப்பான துணி நல்லது. தீனி எது என்று தெரிந்த பிறகு மரச்சீவல் போடலாம். மரத்தூள் வேண்டாம், அதைத் தீனியென்று தின்று வயிறு அடைத்துக்கொள்ளும்.

கோழிக்குஞ்சுத் தீவனம் வீட்டில் இருக்கிறது. அதையே போடலாமா?

இரண்டு காரணங்களுக்காக வேண்டாம். முதலாவது புரதம். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நான்கு வாரம் 28 சதவீதமும், எட்டு வாரம் வரை 26 சதவீதமும் புரதம் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீவனத்தில் பெரும்பாலும் 20 முதல் 22 சதவீதம்தான் இருக்கும். வளர்ச்சி குன்றும், கால் வலுவிழக்கும், இறகு சீராக வராது. முட்டைக்கோழித் தீவனம் இன்னும் கெடுதல். அதில் உள்ள அதிகச் சுண்ணாம்புச்சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரிவதில்லை. கோழிக்குஞ்சுத் தீவனங்கள் சிலவற்றில் இரத்தக்கழிச்சல் வராமலிருக்க மருந்து கலந்திருப்பார்கள். அதில் சாலினோமைசின், நரசின் ஆகிய இரண்டும் கோழிக்கு மருந்து, வான்கோழிக்கு நஞ்சு. தின்ற வான்கோழிக்குக் கால் செயலிழந்து உயிரே போகலாம். மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்காமல் எதையும் போடாதீர்கள். ஆம்புரோலியம் என்று இருந்தால் பயமில்லை. வேறு வழியே இல்லாத ஓரிரு நாளுக்கு மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீவனத்தோடு வேகவைத்த முட்டையைத் தாராளமாகச் சேர்த்துச் சமாளிக்கலாம்.

வீட்டில் ஏற்கெனவே கோழிகள் இருக்கின்றன. சேர்த்து வளர்த்தால் என்ன?

கருந்தலை நோய் வரும். ஹிஸ்டோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான் இதற்குக் காரணம். கோழியின் குருட்டுக்குடலில் வாழும் ஒரு சிறு புழுவின் முட்டைக்குள் அது பத்திரமாக ஒளிந்திருக்கும். கோழி எச்சமிட்ட மண்ணில் அந்தப் புழுமுட்டை ஆண்டுக்கணக்கில் கெடாமல் கிடக்கும். மண்புழுவும் அதைச் சுமக்கும். கோழிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வான்கோழிக்குக் குடலும் ஈரலும் புண்ணாகி, கந்தக மஞ்சளில் கழிச்சல் போய், இறகு தொங்கி, சில நாளில் உயிர் போகும். பெயரைப் பார்த்துத் தலை கறுத்திருக்கிறதா என்று தேடாதீர்கள், பல பறவைகளுக்குக் கறுப்பதே இல்லை. எச்சத்தின் நிறம்தான் அடையாளம். இதற்கென அனுமதிக்கப்பட்ட மருந்து பல நாடுகளில் இல்லை. அதனால் தடுப்பது ஒன்றே வழி: தனி இடம், தனித் தட்டு, கோழிக்கூண்டுக்குள் போகும்போது தனிச் செருப்பு. கோழி மேய்ந்த நிலத்தில் ஓராண்டு கழித்து விட்டாலும் பாதுகாப்பு இல்லை.

கோழியிடம் அடை வைக்கலாம் என்றீர்கள், கோழிக்குஞ்சோடு சேர்த்து விடலாம் என்றும் சொன்னீர்கள். இப்போது சேர்க்கவே கூடாது என்கிறீர்களே?

நியாயமான கேள்வி. இந்த நோய் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை, எச்சமும் மண்ணும்தான் வழி. அதனால் இன்குபேட்டரில் பொரித்த கோழிக்குஞ்சு, கோழி கால் வைக்காத புரூடரில் வளரும்வரை ஆபத்தில்லாத துணைதான். வளர்ந்த கோழிகளோடு கலந்து திரும்பி வந்தால்தான் ஆபத்து.

அடைக்கோழி அப்படியில்லை, அது வளர்ந்த பறவை. அடைக்கு உட்காரும் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு அதற்குக் குடற்புழு நீக்கம் செய்து, புது இடத்தில், புதுக் கூளத்தில் உட்காரவையுங்கள். அப்போதும் ஆபத்து குறையுமே தவிர முழுதாகப் போகாது. பொரித்த அன்றே குஞ்சுகளை எடுத்துப் புரூடரில் விட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

எத்தனை வாரத்தில் வெளியே மேய விடலாம்? மழையில் நனைந்தால் செத்துவிடும் என்கிறார்களே?

நனைந்த குஞ்சு சூடு இழந்து சாவது உண்மைதான். அதன் மெத்துமுடி தண்ணீரைத் தடுக்காது, தாயின் இறக்கையும் இல்லை. வெயிலுள்ள, காற்றில்லாத பகலில் மூன்று வாரக் குஞ்சைக் காய்ந்த தரையில் ஒரு மணி நேரம் விடலாம். முழுநாளும் வெளியே விட எட்டு வாரமாவது ஆகட்டும். அதற்குள் உடலை இறகு மூடிவிடும். நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி எடுத்து உடனே விளக்கின் கீழ் விடுங்கள். கூளத்தின் ஈரமும் இதே அளவு கெடுதல். ஈரக் கூளத்தில்தான் இரத்தக்கழிச்சலின் கிருமி பெருகும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தைத் தினமும் அள்ளிவிடுங்கள்.

வெள்ளைக் கழிச்சலுக்கும் அம்மைக்கும் தடுப்பூசி உண்டு. எந்த வாரத்தில் எது என்பதை உங்கள் பகுதி கால்நடை மருத்துவர் நோயின் நடமாட்டத்தை வைத்துச் சொல்வார்.

ஒன்றையொன்று கொத்தி இரத்தம் வரவழைக்கின்றன. அலகை வெட்டலாமா?

முதலில் இடத்தையும் ஒளியையும் பாருங்கள். முதல் நான்கு வாரம் ஒரு குஞ்சுக்கு ஒன்றேகால் சதுர அடி, அதற்குமேல் இரண்டரை. நெருக்கம், கண்கூசும் வெள்ளை ஒளி, அதிகச் சூடு, புரதக் குறைவு ஆகிய நான்கில் ஒன்று இருக்கும். விளக்கைச் சிவப்பாக மாற்றுங்கள். கீரைக் கட்டு ஒன்றைத் தலை உயரத்தில் தொங்கவிட்டால் கவனம் அங்கே போகும். நான்கைந்து வாரத்தில் உட்காரத் தாழ்வான கம்பும் வையுங்கள். காயம்பட்டதை மட்டும் தனியே எடுத்து, ஆறிய பிறகு சேருங்கள். வீட்டு வளர்ப்பில் அலகு வெட்ட வேண்டிய தேவை வந்ததில்லை.

ஆணா பெண்ணா என்று எப்போது தெரியும்? இப்போதே தோகை விரிக்கிறதே!

இரண்டு வாரக் குஞ்சுகளில் பெண்ணும் தோகை விரித்துக் காட்டும், அதை நம்பாதீர்கள். மூன்று நான்கு மாதம் போகட்டும். ஆணுக்கு அலகின் மேல் தொங்கும் சதை நீளும், கழுத்துச் சதை தடித்துச் சிவக்கும். கருவெண்கல நிறப் பறவை என்றால் நெஞ்சு இறகின் ஓரம் பார்த்தாலே போதும்: கறுப்பாக முடிந்தால் ஆண், வெளிறி முடிந்தால் பெண்.

எங்களிடம் பெட்டை மட்டும்தான். சேவலே கிடையாது. ஆனால் முட்டையில் நரம்பு தெரிகிறது. இது எப்படி?

இரண்டு விளக்கங்கள் உண்டு. அண்மையில் வாங்கிய பெட்டை என்றால், பழைய இடத்தில் சேவலோடு சேர்ந்திருக்கும். பெட்டையின் உடலுக்குள் விந்தணுவைச் சேமிக்கும் நுண்குழல்கள் இருக்கின்றன. ஒரு முறை இணைந்தாலே அடுத்த பல வாரங்களுக்குக் கருவுள்ள முட்டை வரலாம்.

மாதக்கணக்கில் சேவலையே பார்க்காத பெட்டை என்றால், அது கன்னிக்கரு. விந்தணு இல்லாமலேயே முட்டை தானாகப் பிளவுபட்டு வளரத் தொடங்குவது வான்கோழியில் நடக்கிறது. 1950களில் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஓல்சன் என்ற அறிவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்தார். இத்தகைய கருக்களில் மிகப் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே நின்றுவிடும்; வெளியே வந்த மிகச் சில குஞ்சுகளும் எல்லாம் ஆண். பறவைகளில் ஆணுக்கு இரண்டு 'இசட்' குரோமோசோம்கள், பெண்ணுக்கு ஒரு 'இசட்', ஒரு 'டபிள்யூ'. தனி முட்டையின் குரோமோசோம் தன்னையே இரட்டித்துக்கொள்ளும்போது இரண்டு இசட் என்றால் ஆண், இரண்டு டபிள்யூ என்றால் உயிர் தங்காது. ஆகவே இன்குபேட்டரில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. நாற்றம் வருகிறதா என்பதை மட்டும் தினமும் கவனியுங்கள்.

பத்து முட்டையில் ஒன்றே ஒன்றுதான் பொரித்தது. ஓயாமல் கத்துகிறது. என்ன செய்வது?

வான்கோழிக் குஞ்சு தனிமையைத் தாங்காது. கத்திக் கத்திக் களைத்து, தீனியை விட்டுவிடும். முடிந்தால் அதே வயதில் ஒரு வான்கோழிக் குஞ்சைத் தேடிச் சேருங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்குபேட்டரில் பொரித்த ஒரு நாள் கோழிக்குஞ்சு, மேலே சொன்ன நிபந்தனைகளோடு. அது வரும்வரை ஒரு சிறு கண்ணாடியைக் குஞ்சின் உயரத்தில் சாய்த்து வைத்து, பக்கத்தில் மென்துணியால் ஒரு பொதியைச் செய்து வையுங்கள். கண்ணாடியில் தெரியும் குஞ்சோடு அது பேசத் தொடங்கும்; தூங்கும்போது துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். தீனித் தட்டைக் கண்ணாடிக்கு முன்னால் வையுங்கள். எதிரே இன்னொன்று கொத்துவதைப் பார்த்ததும் இதுவும் கொத்தும். இரவில் இரைப்பையைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள்.